அமேசான்: இந்தியப் புறச்சூழல்

2013 ஜூனில் இந்தியாவில் விற்பனைத் தளம் தொடங்கிய அமெரிக்க இணைய வணிக நிறுவனம். இங்கு அதன் போக்கை முதலில் வகுப்பது முதலீட்டுச் சட்டம். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் விசைத்தறியில் நெய்யும் பேண்டேஜ் துணியை, அன்னிய முதலீடுள்ள தளம் தானே வாங்கி வைத்து நுகர்வோருக்கு விற்க முடியாது; பிற வணிகர் விற்க இடம் தரலாம், அவ்வளவே. 2019 பிப்ரவரி 1 முதல் இவ்விதி மேலும் இறுகியது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கோ விதி வேறு: உள்நாட்டில் தயாரான உணவை அரசு அனுமதியுடன் நேரடியாக விற்க 2016-இல் வழி திறந்தது. 2019-இல் கிடைத்த புவிசார் குறியீடு அப்பெயரைப் பிற ஊர்த் தயாரிப்புகளிடமிருந்து காக்கிறது. ஊராருக்கு இதுவே பெரிய பலம். ஆனால் பாலும் சர்க்கரையும் மட்டும் சேர்ந்த இனிப்பு சீக்கிரம் கெடும்; கோடையில் தொலைதூரப் பார்சல் கடினம்.