கைதட்டல் முடிந்த பிறகு

போதைவஸ்து பற்றி நமது ஊரில் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு குரல்கள் கேட்கும். "அவனை ஒதுக்கி வையுங்க" என்பது ஒன்று. "பாவம், இன்னொரு தரம் பாப்பம்" என்பது மற்றது. இரண்டும் போதாது என்பதை அரை நூற்றாண்டுக்கு முன் அமெரிக்காவில் நடந்த ஒரு பாட்டின் கதையிலிருந்து நாம் படித்துக்கொள்ளலாம்.

கனடாவில் பிறந்த பாடகர் நீல் யங், 1969ஆம் ஆண்டு 'கிரேசி ஹோர்ஸ்' என்ற குழுவோடு சேர்ந்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அந்தக் குழுவின் கிட்டார் கலைஞர் டேனி விட்டன். நன்றாகப் பாடுவார், பாட்டும் எழுதுவார். ஆனால் ஹெரோயின் அவரைப் பிடித்துக்கொண்டது. யங் அந்தக் குழுவை விட்டு விலகினார். பிறகு குழுவினரும் விட்டனை நீக்கினார்கள்.

விட்டனின் நிலையைக் கண்ட வேதனையில் யங் ஒரு பாட்டு எழுதினார். ஊசியும் அது செய்த நாசமும்தான் அதன் பொருள். 1971 ஜனவரியில் லொஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழக மண்டபமொன்றில் மக்கள் முன்னிலையில் பாடிப் பதிவு செய்தார். இரண்டு நிமிடப் பாட்டு. 1972இல் வெளிவந்த 'ஹார்வெஸ்ட்' இசைத்தட்டில் அது இடம்பெற்றது. பாட்டு முடிந்ததும் மக்கள் கைதட்டுவது அதில் கேட்கும்.

அதே வருடம், ஒரு பெரிய இசைப் பயணத்துக்காக யங் விட்டனைத் திரும்ப அழைத்தார். இன்னொரு தரம் பாப்பம் என்ற நல்ல எண்ணம்தான். ஒத்திகையில் விட்டனால் ஈடுகொடுக்க முடியவில்லை. கையில் 50 டொலரும் விமான டிக்கெட்டும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றிரவே, நவம்பர் 18இல், அளவு மீறிய போதையால் விட்டன் இறந்துபோனார். வயது 29. அந்தக் குற்ற உணர்வு யங்கை நெடுங்காலம் விடவில்லை.

கதை அங்கே முடியவில்லை. 1973இல் யங்கின் குழுவில் வாத்தியங்களைக் கவனித்துவந்த புரூஸ் பெரியும் போதைக்குப் பலியானார். இருவருக்காகவும் யங் ஓர் இரங்கல் இசைத்தட்டு பதிவு செய்தார். போதையால் செத்தவர்களுக்காக அழுத அந்த இரவுகளில், பாடியவர்களே டெக்கீலா குடித்துக்கொண்டுதான் பாடினார்கள். 1975இல் வெளிவந்த அந்தத் தட்டில், விட்டன் உயிரோடிருந்தபோது 1970இல் மேடையில் பாடிய பாட்டு ஒன்றும் உண்டு. போதைவஸ்து வாங்கப் போவதை உற்சாகமாகச் சொல்லும் பாட்டு. செத்தவரின் குரல், அவரைச் சீரழித்த பழக்கத்தையே சந்தோஷமாகப் பாடுகிறது!

இதில் வில்லன் என்று யாருமில்லை. விலக்கினார்கள், அழைத்தார்கள், மீண்டும் விலக்கினார்கள். எச்சரித்துப் பாடினார்கள், அழுதார்கள், அந்த அழுகையிலேயே குடித்தார்கள். சுற்றிக்கொண்டிருந்தது விட்டன் மட்டுமல்ல, அவரைச் சுற்றியிருந்தவர்களும்தான்.

போதை அடிமைத்தனம் ஒரு நோய் என்று மருத்துவம் சொல்கிறது. நிறுத்தியவர் மீண்டும் விழுவது அந்த நோயின் இயல்பு. ஹெரோயினைக் கொஞ்சக் காலம் நிறுத்தியவரின் உடம்பு பழைய அளவைத் தாங்காது. அதனால் திரும்ப விழும் நாள் சாவுக்கு மிகக் கிட்டிய நாள். நாமோ அந்த நாளில்தான் "இனி இவன் சரிவரமாட்டான்" என்று கையை விடுகிறோம்.

மேடை போட்டுப் பேசுகிறோம், பிள்ளைகளுக்குப் போட்டி வைக்கிறோம், பதாகை கட்டுகிறோம். எல்லாம் தேவைதான். ஆனால் உலகத்திலேயே மிக அழகான எச்சரிக்கைகளில் ஒன்று யாருக்காக எழுதப்பட்டதோ, அவரையே அது காப்பாற்றவில்லை. அவருக்குத் தேவைப்பட்டது சிகிச்சையும், அன்றிரவு பக்கத்தில் ஓர் ஆளும்.

அடுத்த முறை ஒரு வீட்டுப் பிள்ளை திரும்பவும் விழுந்துவிட்டான் என்று கேள்விப்பட்டால், "ஏன் செய்தான்?" என்று பிறகு கேட்போம். இன்றிரவு அவனோடு யார் இருக்கிறார்கள் என்பதை முதலில் கேட்போம்.