ஈழ தேசிய விடுதலை முன்னணி

ஈழ தேசிய விடுதலை முன்னணி, இலங்கை உள்நாட்டுப் போரின் தொடக்க ஆண்டுகளில் தமிழ் ஆயுத இயக்கங்கள் அமைத்த கூட்டணி. 1984 ஏப்ரலில் டெலோ, ஈ.பி.ஆர்.எல்.எஃப்., ஈரோஸ் ஆகிய மூன்றும் இதை உருவாக்கின. 1985 ஏப்ரலில் விடுதலைப் புலிகளும் சேர்ந்தனர். சிறீ சபாரத்தினம், பத்மநாபா, பாலகுமார், பிரபாகரன் ஆகியோர் அந்தந்த இயக்கங்களின் தலைவர்கள். உமா மகேஸ்வரனின் புளொட் வெளியிலேயே நின்றது.

வடக்கு, கிழக்கில் வேரூன்றிய இக்கூட்டணி தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலையகத்தையும் தன் கோரிக்கைக்குள் கொண்டுவந்தது. இலங்கைக் குடிசன மதிப்பீடு இலங்கைத் தமிழரையும், ‘இந்தியத் தமிழர்’ எனப்பட்ட மலையகத் தமிழரையும், முஸ்லிம்களையும் வெவ்வேறு இனங்களாகவே கணக்கிட்டது. 1975இல் லண்டனில் தோன்றிய ஈரோஸ் மூவரையும் ‘ஈழவர்’ என்ற ஒரே பெயருக்குள் சேர்த்துப் பேசியது. கொழுந்து பறிக்கும் தொழிலாளரைத் தன் அரசியலின் மையத்துக்கு அருகில் வைத்தது.

மலையகத்தின் நுவரெலியா, ஹட்டன் தோட்டங்களில் அன்று தலையாய பிரச்சினை தனிநாடு அல்ல, பிரஜாவுரிமை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்தவரிடமே தகப்பனும் இங்கு பிறந்தவர் என்பதற்கு, இல்லையேல் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தவர்கள் என்பதற்கு ஆதாரம் கேட்டது. தோட்டத்து வரிசை வீடான லயத்துக் காம்பராவில் பிறந்து, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் பேர் பதிந்து வாழ்ந்த குடும்பத்திடம் பூட்டனின் பிறப்புப் பத்திரம் எங்கிருந்து வரும்? சுமார் 7 லட்சம் பேர் நாடற்றவர் ஆனார்கள். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களை ஏற்றித் தலைமன்னாருக்குப் புறப்பட்ட இரயிலை மலையகத்தார் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றார்கள். ஏறியவரும் அழுதார்கள், வழியனுப்ப வந்தவரும் அழுதார்கள்.

1985 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பூட்டானின் தலைநகர் திம்புவில் நடந்த பேச்சுவார்த்தையில் முன்னணியின் நான்கு இயக்கங்களும் புளொட்டும் தமிழர் விடுதலைக் கூட்டணியும் ஒரே குரலில் நான்கு கோட்பாடுகளை முன்வைத்தன. தேசிய இனம், தாயகம், சுயநிர்ணயம் ஆகியவை முதல் மூன்று. இலங்கையைத் தம் நாடாகக் கொள்ளும் தமிழர் அனைவருக்கும் முழுக் குடியுரிமையும் அடிப்படை உரிமைகளும் வேண்டும் என்பது நான்காவது; மலையகத்தின் நெடுநாள் துயரம் அதில்தான் இடம்பெற்றது. எச்.டபிள்யூ. ஜயவர்தன தலைமையில் வந்த அரசுக் குழு முதல் மூன்றையும் நிராகரித்தது. அம்மேசையில் தோட்டத் தொழிலாளரின் சொந்த அமைப்பு ஒன்றுகூட இல்லாதது பெரிய குறை. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் சௌமியமூர்த்தி தொண்டமான் அப்போது அரசில் அமைச்சர். சிங்களக் கிராமங்களுக்கு நடுவே வாழும் தம் மக்களுக்குத் தனிநாடு விடிவாகாது என்பது அவர் நிலைப்பாடு. 1986 ஜனவரியில் காங்கிரஸின் அழைப்பை ஏற்று, குடியுரிமை கோரித் தொழிலாளர் காலையில் மலைக்கு வேலைக்கு ஏறாமல் பிரார்த்தனையில் அமர்ந்தனர். அவ்வாண்டே நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்தது. திம்புக் கோரிக்கையும் இதற்கு வலுச் சேர்த்திருக்கலாம். ஆயினும் அதைப் பெற்றுத் தந்தது தோட்டத்து ஒற்றுமையே.

முன்னணி அதே ஆண்டில் சிதைந்தது. ஏப்ரல் இறுதியில் புலிகள் டெலோவைத் தாக்கினர்; மே 6இல் சிறீ சபாரத்தினம் கொல்லப்பட்டார். டிசம்பரில் ஈ.பி.ஆர்.எல்.எஃப். ஒடுக்கப்பட்டது. 1990இல் ஈரோஸின் பெரும்பகுதி புலிகளுடன் கலந்தது; அவ்வாண்டு ஜூனில் பத்மநாபா சென்னையில் சுட்டுக் கொல்லப்பட்டார். மலையகத்தில் எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கிய 35ஆம் இலக்கச் சட்டம் 2003இல் நிறைவேறியது.