முதன்மை முடிவை இனங்காணல்: இணைப்புச் சொல்லும் தாங்கும் உறவும்

அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் சேர எழுதப்படும் எல்சாட் தேர்வு 1948இல் தொடங்கியது. 2024 ஆகஸ்டில் தருக்கப் புதிர்ப் பகுதி நீக்கப்பட்டபின், மதிப்பெண்ணுக்குரிய மூன்று பகுதிகளில் இரண்டு தருக்கச் சிந்தனைக்கே உரியவை. ஒரு சிறு பத்தியைக் கொடுத்து அதன் முதன்மை முடிவைக் கேட்பது அங்கு வழக்கமான வினா. ‘ஆகவே’, ‘எனவே’ போன்ற சொற்களைத் தேடினால் விடை அகப்படும் என்று நம்புவோர் பலர். அந்த வழி தவறான விடைக்கே இட்டுச்செல்லக்கூடும் என்பது என் வாதம்.

அவ்வமைப்பில் நான் எழுதிய மாதிரி ஒன்று: ‘வருவோர் குறைவு என்பதால் நகர நூலகத்தை ஞாயிற்றுக்கிழமை மூடிவிடலாம் என்கிறார்கள் சிலர். இது ஏற்கத்தக்கதல்ல. ஞாயிறன்று வருவோரில் பெரும்பாலோர் மற்ற ஆறு நாளும் நூலகம் மூடும்வரை வேலையில் இருப்பவர்கள். ஆகவே வேறு நாளில் வர அவர்களுக்கு வழியில்லை.’

‘ஆகவே’ கடைசி வாக்கியத்தில் இருக்கிறது. ஆனால் அந்த வாக்கியம் இடைநிலை முடிவுதான். வேலை பற்றிய செய்தி அதைத் தாங்குகிறது. அந்த இடைநிலை முடிவோ ‘ஏற்கத்தக்கதல்ல’ என்பதைத் தாங்குகிறது. ஐயமிருந்தால் இரண்டையும் இருபுறமும் மாற்றி வைத்துப் பார்க்கலாம். ‘வர வழியில்லை, ஆகவே மூடக்கூடாது’ என்பது பொருந்துகிறது. ‘மூடக்கூடாது, ஆகவே வர வழியில்லை’ என்றால் பொருளே இல்லை. பிறவற்றின் ஆதரவைப் பெற்று, தான் வேறொன்றுக்கும் ஆதரவாகாமல் நிற்பதே முதன்மை முடிவு.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. முடிவு ‘இது’ என்ற சுட்டுக்குள் ஒளிந்திருக்கிறது. எதிர்த்தரப்பின் யோசனையை முந்தைய வாக்கியத்திலிருந்து எடுத்து நிரப்பினால்தான் அது முழுமை பெறும். இதைச் செய்யாதவர், விடைத் தெரிவுகளில் ‘ஞாயிறு வருகையாளர்க்கு வேறு நாளில் வர வழியில்லை’ என்பதைக் கண்டதும் பத்தியில் படித்த வாக்கியமாயிற்றே என்று அதைக் குறித்துவிடுகிறார். ‘நூலகம் எல்லா நாளும் திறந்திருக்க வேண்டும்’ என்ற தெரிவும் பிழையே. ஆசிரியர் அவ்வளவு தூரம் போகவில்லை.

இட வரிசையும் நம்பத்தக்கதல்ல. நியாய மரபின் ஐந்து உறுப்புகளில் கூற்று முதலில் பிரதிக்ஞையாகவும் இறுதியில் நிகமனமாகவும் இருமுறை வருகிறது. மணிமேகலையின் 29ஆம் காதை பக்கம் (கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு), உபநயம் (பொருத்திக் காட்டல்), நிகமனம் (முடித்துக் கூறல்) என ஐந்தையும் சொல்லிவிட்டு, கடைசி இரண்டும் திட்டாந்தத்துள் அடங்கும் என்கிறது. நிகமனம் தனித்து நில்லாதபோது ‘ஆகவே’ என்று முடிக்கும் வாக்கியமே இல்லை. ஆயினும், புகையைக் கண்டு மலையில் நெருப்பை அறியும் வழக்கமான எடுத்துக்காட்டில், மலையில் நெருப்பு உண்டு என்ற பக்கம்தான் நிறுவப்படுகிறது. முடிவை முடிவாக்குவது அதன் பணி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஒரு பகுதிக்கு 35 நிமிடம், ஏறத்தாழ 25 வினா. இந்த நெருக்கடியில் உறவுகளை ஆராய நேரமேது என்று கேட்கலாம். மேற்கண்ட மாற்றிவைக்கும் சோதனைக்குச் சில நொடிகளே பிடிக்கும். இணைப்புச் சொல்லையும் விட்டுவிட வேண்டியதில்லை: ‘ஆகவே’ வரும் இடத்தில் ஒரு தாங்கும் உறவு உண்டு என்பது உறுதி. அங்கே நின்றுவிடாமல், அந்த வாக்கியம் மேலும் எதையாவது தாங்குகிறதா என்று ஒருமுறை கேட்டால் போதும்.