படித்துப் பார்க்க இரண்டு நாள்: சிகாகோ ஆசிரியர்கள், 2012

வேலைநிறுத்தம் தொடங்கிய நாளைத் தொழிற்சங்க வரலாறுகள் தவறாமல் குறிக்கின்றன. அதை முடிப்பதென யார், எதைப் படித்துவிட்டு முடிவெடுத்தார்கள் என்பது பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துபோகிறது. சென்ற வாரம் எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு மாணவி இதையே கேட்டார்: தலைவர்கள் கையொப்பமிட்டுவிட்டால் உறுப்பினர்களுக்கு அதில் என்ன வேலை? அன்று சுருக்கமாகச் சொன்ன பதிலை இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல்விளக்கம். நம் கல்லூரிகளில் 'ஒப்பந்த ஆசிரியர்' என்றால் அடுத்த ஆண்டு வேலை உண்டா என்று தெரியாதவர் என்று பொருள். இதை எழுதுகிறவனும் அந்த வகையில் சில ஆண்டுகள் இருந்தவன்தான். அமெரிக்கப் பொதுப்பள்ளிகளில் ஒப்பந்தம் என்பது ஆசிரியர் சங்கம் தன் உறுப்பினர் அனைவருக்குமாகக் கல்வி நிர்வாகத்தோடு செய்துகொள்ளும் கூட்டு உடன்படிக்கை. ஊதியம், பணிப் பாதுகாப்பு, மதிப்பீட்டு முறை அனைத்தும் அதன் விதிகளில் அடங்கும். நமக்கு நிலையின்மையைக் குறிக்கும் சொல்லே அவர்களுக்குப் பாதுகாப்பைக் குறிக்கிறது.

சிகாகோவில் அதற்கு முந்தைய வேலைநிறுத்தம் 1987இல் நடந்தது. 2010இல் வேதியியல் ஆசிரியையான கேரன் லூயிசின் தலைமையில் புதியதோர் அணி சங்கத் தேர்தலில் வென்றது. பள்ளி மூடல்களுக்கு எதிராகப் பெற்றோரோடு சேர்ந்து போராடியவர்கள் அவர்கள். அடுத்த ஆண்டு ராம் இமானுவேல் மேயரானார். ஏற்கெனவே ஒப்புக்கொள்ளப்பட்டிருந்த 4 விழுக்காடு ஊதிய உயர்வைக் கல்வி வாரியம் நிறுத்திவைத்தது. பள்ளி நேரம் நீட்டிக்கப்படும் என்றும் அறிவிக்கப்பட்டது. அதே 2011இல் இல்லினாய் மாநிலம் இயற்றிய சட்டம், சிகாகோவில் வேலைநிறுத்தம் செய்யச் சங்க உறுப்பினர்களில் 75 விழுக்காட்டினரின் ஒப்புதல் வேண்டும் என்றது. வாக்களிக்க வராதவரும் எதிர்த்து வாக்களித்தவராகவே கணக்கிடப்படுவார். இந்த எல்லையைச் சங்கம் ஒருநாளும் எட்டாது என்று அச்சட்டத்துக்காகப் பாடுபட்டவர்களுள் ஒருவர் பொதுமேடையிலேயே பெருமை பேசினார். 2012 ஜூனில் எண்ணிப் பார்த்தபோது கிட்டத்தட்ட 90 விழுக்காட்டினர் ஒப்புதல் அளித்திருந்தார்கள். அந்த எண்ணிக்கை தானாக வந்ததன்று. பள்ளிதோறும் குழு அமைத்து, ஒவ்வொரு ஆசிரியரோடும் நேரில் பேசிய இரண்டாண்டு உழைப்பு அதன் பின்னே இருந்தது. முடிவெடுக்கும் கட்டத்தில் நடந்ததைப் புரிந்துகொள்ள இதை நினைவில் வைக்க வேண்டும்.

செப்டம்பர் 10, திங்கட்கிழமை 26,000க்கும் மேற்பட்டோர் பணியை நிறுத்தினார்கள். ஏறத்தாழ 3,50,000 மாணவர்களுக்கு வகுப்பு நின்றது. வார இறுதிக்குள் பேச்சுவார்த்தையில் ஒரு வரைவு உருவாயிற்று. ஞாயிறன்று பேராளர் அவை கூடியது. பள்ளிகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட சுமார் 800 பேர் கொண்ட அவை அது. திங்களன்று பள்ளிகள் திறந்துவிடும் என்றே நகரம் எதிர்பார்த்தது. பேராளர்கள் மறுத்தார்கள். வரைவை அவர்கள் நிராகரிக்கவில்லை. தங்கள் பள்ளி ஆசிரியர்களிடம் காட்டிப் பேசாமல் வாக்களிக்க மாட்டோம் என்றார்கள். அன்று மாலை யூதப் புத்தாண்டும் தொடங்கியதால் அவை மீண்டும் கூடச் செவ்வாய்க்கிழமையாகும் என்றாயிற்று.

இந்த இரண்டு நாள் இலவசமாகக் கிடைத்ததன்று. வேலைக்குப் போகும் பெற்றோர் இன்னும் இரண்டு நாளைக்குப் பிள்ளைகளை எங்கே விடுவது என்று தவித்தார்கள். ஆசிரியர்களுக்கும் அந்நாள்களின் ஊதியம் உறுதியில்லை. மேயர் தரப்பு திங்களன்றே நீதிமன்றம் சென்று தடையாணை கேட்டது. ஊதியம் சாராத காரணங்களுக்காக நடக்கும் வேலைநிறுத்தம் சட்டவிரோதமானது என்பது அதன் வாதம். நீதிபதி உடனே விசாரிக்க ஒப்பவில்லை, புதன்கிழமைக்குத் தள்ளினார். அதற்குள் மறியல் நடந்த நடைபாதைகளில் ஆசிரியர்கள் வட்டமாக அமர்ந்து, வரைவின் படிகளைக் கையில் வைத்துக்கொண்டு, விதி விதியாகப் படித்தார்கள். வகுப்பறையில் பாடம் நடத்துவதைப் போலவே ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் இடைமறித்துக் கேள்வி கேட்டார்கள். என் பார்வையில் அந்த ஏழு பள்ளி நாள் வேலைநிறுத்தத்தின் மையக் காட்சி இதுதான், பேரணிகள் அல்ல.

படித்தவர்களுக்குத் தெரிந்தது கலவையான கணக்கு. மூன்றாண்டுகளுக்கு முறையே 3, 2, 2 விழுக்காடு உயர்வு உண்டு. செயல்திறனைப் பொறுத்த ஊதியத் திட்டம் கைவிடப்பட்டது. ஆசிரியர் மதிப்பீட்டில் மாணவர் தேர்வு முடிவுகளின் பங்கு மாநிலச் சட்டம் கோரும் குறைந்தபட்ச அளவைத் தாண்டவில்லை. புதிய நியமனங்களில் பாதி, பணியிழந்த ஆசிரியர்களுக்குப் போகும். இவை பெற்றவை. நீண்ட பள்ளி நேரம் அப்படியே நின்றது. பழைய 4 விழுக்காடு திரும்பவில்லை. பள்ளி மூடலைப் பற்றியோ, பொதுப்பணத்தில் தனியார் நடத்தும் சார்ட்டர் பள்ளிகளின் பெருக்கத்தைப் பற்றியோ வரைவு எதையும் தடுக்கவில்லை. சட்டத்தின் எல்லைக்குள் அவற்றைப் பேரத்துக்குள் கொண்டுவருவதும் எளிதாக இருக்கவில்லை.

செவ்வாயன்று பேராளர்கள் பெரும் பெரும்பான்மையோடு வேலைநிறுத்தத்தை நிறுத்திவைத்தார்கள். புதனன்று வகுப்புகள் தொடங்கின. அக்டோபரில் எல்லா உறுப்பினர்களும் வாக்களித்தபோது 79 விழுக்காட்டினர் ஏற்றார்கள். வேலைநிறுத்தத்துக்குக் கிட்டிய ஆதரவோடு ஒப்பிட்டால் இது குறைவு. அந்தக் குறைவைச் சிலர் தலைமையின் தோல்வி என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது அப்படித் தோன்றவில்லை. ஐந்தில் ஒருவர் படித்துவிட்டு வேண்டாம் என்று சொல்லக்கூடிய சங்கத்தில், மற்ற நால்வரின் ஒப்புதலுக்கு எடை கூடுகிறது.

இதற்கு மாறான வழியும் உண்டு. 2018இல் மேற்கு வர்ஜீனியாவில் ஆளுநரும் சங்கத் தலைவர்களும் உடன்பாடு அறிவித்த பின்னும் ஆசிரியர்கள் திரும்பவில்லை. ஊதிய உயர்வு சட்டமாகும் வரை காத்திருந்து, 5 விழுக்காட்டோடு மார்ச் தொடக்கத்தில்தான் வகுப்புக்குப் போனார்கள். அறிவிப்பு வேறு, கையொப்பமான சட்டம் வேறு என்று அவர்களும் கண்டிருந்தார்கள்.

சிகாகோவில் வரைவுக்குள் அடங்காத அந்தக் கேள்வி அடுத்த ஆண்டே திரும்பி வந்தது. 2013 மே மாதம் கல்வி வாரியம் 50 பள்ளிகளை மூட வாக்களித்தது. பெரும்பாலானவை தெற்கிலும் மேற்கிலும் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளில் இருந்தவை. பள்ளி மூடப்பட்டால், நல்ல மதிப்பீடு பெற்ற நிரந்தர ஆசிரியர்கள் காலியிடம் இருக்கும் பட்சத்தில் தம் மாணவர்களைப் பின்தொடர்ந்து புதிய பள்ளிக்குச் செல்லலாம் என்று ஒரு விதி 2012 ஒப்பந்தத்தில் இருந்தது. முந்தைய செப்டம்பரில் நடைபாதையில் அமர்ந்து அந்தத் தாள்களைப் புரட்டியவர்களில் சிலருக்கு, எட்டு மாதம் கழித்து மிஞ்சியிருந்த பிடிமானம் அந்த விதிதான்.