காட்டுப்பன்றியிடம் தோற்ற வீரன்

2006 ஒக்ரோபரில் ஜேர்மனியில் 'கோதிக் 3' கடைக்கு வந்தது. செய்தவர்கள் எசன் நகரத்து பிரான்யா பைட்ஸ். வெளியிட்டது ஒஸ்திரியாவின் ஜோவுட் நிறுவனம். முதல் இரண்டு பாகங்களில் ஊறிப்போனவர்கள் ஆசையோடு வாங்கினார்கள். ஓர்க்குகளையே வெட்டிச் சாய்க்கும் வீரனை ஒரு காட்டுப்பன்றி விடாமல் முட்டினால், வாளை ஓங்கக்கூட வழியில்லாமல் செத்துப்போவான். திடீரென்று 'குரு மெடிட்டேஷன்' என்று ஒரு பெட்டி தோன்றும், கேம் நின்றுவிடும். (தியான வகுப்பு இல்லை. பழைய அமிகா கணினிகளின் பிழைச் செய்தியிலிருந்து எடுத்த பெயர்.)

வாங்கியவர்கள் திட்டித் தீர்த்தார்கள். "கேம் செய்வது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?" என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தெரியும். ஆனால் காசை முழுதாகத்தானே வாங்கினார்கள்? பெட்டியில் 'மீதி பிறகு' என்று எழுதியிருக்கவில்லை. என் கணக்கில் அந்தக் கோபம் நியாயமானது.

2007இல் பிரான்யா பைட்ஸும் ஜோவுட்டும் பிரிந்தார்கள். செய்தவர்களே விலகிவிட்டார்கள், இனி யார் திருத்துவது? ரசிகர்கள்தான். சம்பளம் இல்லாமல், ஓய்வு நேரத்தில், பட்ச் மேல் பட்ச்சாகப் போட்டார்கள். ஜோவுட் பிறகு மூல நிரலையே அவர்களிடம் கொடுத்தது. 1.75 என்ற பட்ச் வந்தபோது ஆண்டு 2012. குறை சொன்னவர்கள் அந்தக் கேமை வெறுத்தவர்கள் என்று இனி யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

நடுவில், 2008இல், இதன் தொடர்ச்சியாக 'கோட்டர்டெமருங்' வந்தது. அதைச் செய்தது மும்பையின் டிரைன் கேம்ஸ். அதிலும் பிழைகள் குவிந்திருந்தன. "இந்தியாக்காரன் செய்தால் இப்படித்தான்" என்றான் என் வகுப்பில் ஒருவன். எனக்குச் சுட்டது. எசன்காரர் சொதப்பியபோது "ஜேர்மன்காரன் செய்தால் இப்படித்தான்" என்று அவன் சொல்லவில்லையே! கேமைத் திட்டு, வெளியிட்டவனையும் திட்டு. ஊரை ஏன் இழுக்கிறாய்? அன்று இதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

2023 மே மாதம் ஹம்பேர்க்கின் டெடாலிக் 'கொல்லம்' கேமை வெளியிட்டது. மறுநாளே மன்னிப்புக் கடிதம் வந்தது. சில வாரங்களில் கேம் உருவாக்கும் பிரிவையே மூடினார்கள். வேலை போனது 25 பேருக்கு. வெளியீட்டு நாளைக் குறித்தவர்கள் அந்த 25 பேரா என்று அப்போது யாரும் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

பிரான்யா பைட்ஸும் 2024இல் மூடப்பட்டது. 'கோதிக் 3' இன்னும் விற்பனையில் இருக்கிறது. வாங்கினால், முதலில் ரசிகர்களின் அந்தப் பட்ச்சைப் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். பன்றிகள் கவனம்.