பிலிப் மிரோனவ்: 'மறைமுகமாக' என்ற சொல்

ரஷ்ய உள்நாட்டுப் போரை மாஸ்கோவிலிருந்து மலிவு விலையில் வந்த தமிழ்ப் புத்தகங்கள் வழியாகத் தெரிந்துகொண்டவன் நான். அவற்றில் கொசாக் என்றால் ஜாரின் சாட்டை. அவ்வளவுதான். அந்தக் கதையாடலில் மிரோனவுக்கு இடமே இல்லை.

1872இல் பிறந்த டான் கொசாக் அவர். ஜப்பான் போரில் சண்டையிட்ட அதிகாரி. கொசாக்குகளைப் போலீஸ் வேலைக்கு ஏவாதே என்று 1906இல் ஊர்க்காரர்கள் எழுதிய மனுவை தூமாவுக்குக் கொண்டுபோனார், வேலை போயிற்று. 1918இல் டான் பகுதியில் செம்படைக்கு ஆள் திரட்டினார்.

1919 ஜனவரி 24இல் கட்சி மையத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை போகிறது: பணக்கார கொசாக்குகளை ஒழித்துக்கட்டு, சோவியத்துக்கு எதிரான போரில் நேரடியாகவோ மறைமுகமாகவோ பங்கெடுத்த எல்லோர்மீதும் ஈவிரக்கமில்லாத பயங்கரத்தை ஏவு, தானியத்தைப் பறிமுதல் செய்.

இந்த 'மறைமுகமாக'வில்தான் எனக்குச் சிக்கல். 1918இல் வெள்ளைத் தளபதி க்ராஸ்னோவ் டான் முழுக்கக் கட்டாய ஆள்சேர்ப்பு நடத்தியிருந்தார். மகனை அனுப்பியவள், குதிரையைக் கொடுத்தவன், படைக்கு ரொட்டி சுட்டுப் போட்டவள் — இதில் மறைமுகமாகச் சிக்காதவர் யார்? வர்க்கத்தை அளக்க வந்த கோல் பிறப்பை அளக்கத் தொடங்கிவிட்டது. போர்முனையைக் கைவிட்டுச் செம்படைக்கு வழிவிட்ட அதே மேல் டான் கிராமங்கள் மார்ச்சில் கிளர்ந்தெழுந்தன. ஷோலகவின் டான் நாவலில் வருவது இந்தக் கிளர்ச்சிதான். சுற்றறிக்கையை அந்த மாதமே நிறுத்திவைத்தார்கள். அதற்குள் தீ பரவிவிட்டது.

டானிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டு, சரான்ஸ்கில் புதிய கொசாக் படையைத் திரட்டிக்கொண்டிருந்த மிரோனவ் ஜூலை 31இல் லெனினுக்கு நீண்ட கடிதம் எழுதினார். சோவியத் வேண்டும், கமிசார்களின் எதேச்சாதிகாரம் வேண்டாம் என்பது அவர் கட்சி. ஆகஸ்ட் 24இல் அனுமதியில்லாமலே, அரைகுறைப் படையோடு, தெனிகினை எதிர்க்கப் போகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

இதை வெறும் வீரமாக்க எனக்கு மனமில்லை. அந்த வாரங்களில்தான் மாமந்தவின் வெள்ளைக் கொசாக் படை செம்படையின் முதுகுப்புறம் புகுந்து சூறையாடிக்கொண்டிருந்தது. எந்த ராணுவம்தான் சும்மா இருக்கும்? மிரோனவைச் சட்டத்துக்குப் புறம்பானவராக ட்ராட்ஸ்கி அறிவித்தார். புத்யோன்னியின் படை பிடித்தது. பலஷோவில் அக்டோபரில் மரண தண்டனை. பிறகு மன்னிப்பு, அதற்கும் ட்ராட்ஸ்கியே சிபாரிசு. கொசாக்குகளை இழுக்க அப்போது ஒரு கொசாக் பெயர் தேவைப்பட்டது என்றே நான் வாசிக்கிறேன்.

தேவை தொடர்ந்தது. 1920 செப்டம்பரில் இரண்டாம் குதிரைப்படையின் தளபதியாக்கினார்கள். அக்டோபரில் நீப்பர் ஆற்றின் வலதுகரையில் ராங்கலின் படையை உடைத்தார். நவம்பரில் கிரிமியாவுக்குள் நுழைந்தார். செங்கொடி விருது கிடைத்தது.

போர் முடிந்ததும் 1921 பிப்ரவரியில் சொந்த ஊர் உஸ்த்-மெத்வெதித்ஸ்கயா போனார். அங்கே தானியப் பறிமுதலைப் பற்றிப் பேசினார். சதிகாரன் என்று கைது. மாஸ்கோவின் புத்தீர்க்கா சிறையில் இருந்தபோது, மார்ச்சில், பத்தாவது கட்சிக் காங்கிரஸ் பறிமுதலைக் கைவிட்டு அந்த இடத்தில் தானிய வரியைக் கொண்டுவந்தது. அவர் ஊரில் பேசியது கட்சியின் கொள்கையாகிவிட்டது. ஏப்ரல் 2இல் விசாரணை மன்றம் எதுவுமில்லாமல் சிறையிலேயே அவரைச் சுட்டார்கள்.

பலஷோவில் அரசுத் தரப்பில் வாதாடிய ஸ்மில்காவும் 1937இல் சுடப்பட்டார். மிரோனவ் குற்றமற்றவர் என்று ராணுவ நீதிமன்றம் 1960இல் சொன்னது. 1978இல் யூரி த்ரிஃபோனவ் 'கிழவர்' நாவலில் அவரைக் கொண்டுவந்தபோது, பெயரை மட்டும் மிகுலின் என்று மாற்றியிருந்தார்.