மடியும் மார்பும்: ஓர் ஆங்கிலச் சொல்லின் ஆயிரம் ஆண்டுகள்

‘புஸம்’ என்ற ஆங்கிலச் சொல்லைக் கேட்டால் இன்று பெண்ணின் மார்பகம்தான் நினைவுக்கு வரும். பலர் அதை வாய்விட்டுச் சொல்லவே கூசுவார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்தச் சொல்லுக்கு ஆண், பெண் பேதம் கிடையாது. போர்வீரனுக்கும் புஸம் இருந்தது, கப்பலுக்கும் இருந்தது.

பழைய ஆங்கிலத்தில் அதன் வடிவம் ‘போஸ்ம்’. ஜெர்மன் மொழியின் ‘பூஸன்’, டச்சு மொழியின் ‘பூஸெம்’ இரண்டும் அதன் உடன்பிறப்புகள். இவற்றுக்கும் முந்தைய வேர் எது என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. பருத்தல், வீங்குதல் என்ற பொருள் கொண்ட வேர் என்பது ஒரு தரப்பு. கையைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது, இரு கைகளும் வளைத்து அணைக்கும் இடமே அது என்பது மறு தரப்பு. சொல் வழங்கிய விதத்தைப் பார்த்தால் இரண்டாவது கருத்தின் மீது ஆசை வருகிறது. ‘ஜெனிசிஸ்’ என்ற பழைய ஆங்கிலக் காவியம், நோவாவின் பேழைக்குள் உயிர்கள் தங்கியிருந்த உட்புறத்தை இந்தச் சொல்லால்தான் குறிக்கிறது. உள்ளே வைத்துக் காக்கும் இடம் என்பதே அங்கே பொருள்.

அந்தக் கால ஆங்கிலேயக் கவிஞர்களுக்கு மனம் இருந்தது தலையில் அல்ல, மார்புக்கூட்டில். எண்ணங்களை ‘மார்பின் புதையல்’ என்று பொருள்படும் கூட்டுச்சொல்லால் அவர்கள் அழைத்தார்கள். நெஞ்சு என்ற ஒரே சொல்லால் உடலுறுப்பையும் உள்ளத்தையும் சொல்லும் தமிழருக்கு இது அந்நியமாகப் படாது. இன்று மருத்துவர்கள் சொல்லும் ‘செஸ்ட்’ அப்போது வெறும் பெட்டிதான். லத்தீனிலிருந்து வந்த அந்தப் பெட்டி, விலா எலும்புகளுக்குள் இருக்கும் பகுதிக்குப் பெயரானது 16ஆம் நூற்றாண்டில்.

புஸத்தின் இன்னொரு பொருள் துணியைச் சேர்ந்தது. சட்டையில் பை தைக்கும் வழக்கம் வருவதற்கு முன், மார்பின் குறுக்கே போட்ட ஆடையின் மடிப்புதான் பை. பணம், கடிதம், தானியம் எல்லாம் அதற்குள் போகும். அந்த மடிப்பும் புஸம் எனப்பட்டது. லத்தீனில் ‘சைனஸ்’, கிரேக்கத்தில் ‘கோல்போஸ்’ ஆகிய சொற்களும் ஆடை மடிப்பு, மார்பு, கடலின் வளைகுடா மூன்றையும் சேர்த்தே குறித்தன.

1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில் மடிப்பு, மார்பு ஆகிய இரு பொருள்களும் உண்டு. மோசே கையை நுழைத்து எடுப்பதும் புஸத்தில்தான், அளந்த தானியத்தைக் கொட்டுவதும் புஸத்தில்தான், ஏழை லாசரு இறந்தபின் சேர்வதும் ஆபிரகாமின் புஸத்தில்தான். பழைய தமிழ் வேதாகமம் இந்த மூன்று இடங்களிலும் ‘மடி’ என்றே மொழிபெயர்த்தது. வேட்டி மடிப்பில் காசு முடிந்துவைத்த சமூகத்துக்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடைத்திருக்காது. அன்பான சீடன் இயேசுவின் மேல் சாய்ந்திருக்கும் காட்சியில் மட்டும் அதே கிரேக்கச் சொல்லுக்கு ‘மார்பு’ என்று போட்டார்கள்.

இந்தத் துணி மடிப்பின் கதையில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. கி.பி. 499இல் ‘ஆரியபடீயம்’ இயற்றிய ஆரியபட்டர், வட்டத்தின் அரை நாணை ‘அர்த்த ஜ்யா’ என்று குறித்து, அதன் மதிப்புகளைக் கணிக்க 24 எண்கள் கொண்ட வரிசையும் தந்தார். ஜ்யா என்றால் வில்லின் நாண். ஜீவா என்றும் சொல்வார்கள். அரபு அறிஞர்கள் அந்த ஒலியை அப்படியே எடுத்து ‘ஜிபா’ என்று எழுதினார்கள். அரபு எழுத்தில் குறில் உயிரொலிகளைப் பெரும்பாலும் குறிப்பதில்லை. ஆகவே அதே எழுத்துகளை ‘ஜைப்’ என்றும் படிக்கலாம். அதற்குப் பொருள் ஆடையின் மார்பு மடிப்பு. 12ஆம் நூற்றாண்டில் அரபு நூல்களை லத்தீனுக்குப் பெயர்த்தவர்கள் அந்தப் பொருளையே எடுத்துக்கொண்டு ‘சைனஸ்’ என்று எழுதினார்கள். பள்ளிக் கணக்குப் புத்தகத்தின் ‘சைன்’ அப்படிப் பிறந்தது. மூக்கருகே எலும்புக்குள் இருக்கும் குழிவுகளுக்கும் பின்னாளில் அதே லத்தீன் பெயர் வந்தது.

ஷேக்ஸ்பியர் காலத்தில் புஸம் இன்னும் எல்லோருக்கும் பொதுவாகத்தான் இருந்தது. ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தில் பஸ்ஸானியோவின் உயிர் நண்பன் அந்தோனியோவைச் சுட்டவும் அந்தச் சொல்லே பயன்பட்டது. ரகசியங்கள் உறங்கும் இடமும் அதுவே.

குறுகல் பின்னர் வந்தது. உடலைப் பற்றிப் பேசவே தயங்கிய 19ஆம் நூற்றாண்டு நாகரிகத்தில், சாப்பாட்டு மேசையில் கோழியின் மார்புக்கறியைக்கூட ‘வெள்ளை இறைச்சி’ என்று சொல்லும் பழக்கம் இருந்தது. நேரடியான சொல்லைத் தவிர்க்க நினைத்தவர்களுக்குக் கண்ணியமான மாற்றாகப் புஸம் கைகொடுத்தது. மறைக்க வந்த சொல்லே நாளடைவில் அந்த உறுப்பின் பெயராகிவிட, கப்பலும் மடிப்பும் பேச்சு வழக்கிலிருந்து நழுவின.

பழைய பொருள் முற்றிலும் அழிந்துவிடவில்லை. நெருங்கிய தோழனை ஆங்கிலத்தில் இன்றும் ‘புஸம் ஃபிரெண்ட்’ என்கிறார்கள். ஆரியபட்டரின் நாணோடு தவறுதலாகக் கலந்த அரபு ‘ஜைப்’, பாரசீகம், உருது வழியே தமிழுக்கும் வந்து சேர்ந்தது. சட்டைப் பையைத் தமிழர் ‘ஜேபி’ என்று அழைப்பது அதனால்தான்.